மாகாண வாய்

எங்கள் துறைமுக ஊரின் ஆஸ்பத்திரியில் வாய்ப்புற்றுக்கென்று தனிப் பிரிவு திறந்த நாளிலிருந்து, வாய் சிவந்த யாரையும் கேட்டுக்குள் விடுவதில்லை. பப்புவா நியூ கினியின் இந்த வடகரையில் வாய் சிவக்காதவர்கள் என்று பார்த்தால் பல் முளைக்காத குழந்தைகளும் வெளியூரிலிருந்து வந்த பாதிரிமார் இரண்டு பேரும்தான். அதனால் அந்தப் பிரிவு எப்போதும் சுத்தமாக இருந்தது.

வில்மினாவுக்கு இந்த விதி தெரியாது. அவள் மார்க்கெட்டில் சுட்ட மீன் விற்கிறவள். ஆயுசு முழுக்கப் பாக்கையும் சுண்ணாம்பையும் அடக்கி வைத்த இடது கன்னத்தில், உள்பக்கமாக ஒரு புண் வந்திருந்தது. மீன்முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாள். முதலில் மிளகாய் பட்டால் எரிந்தது. பிறகு வெறும் சேப்பங்கிழங்கு பட்டாலே எரிந்தது. அவள் பாக்கை விட்டாள், புண் அவளை விடவில்லை. பக்கத்துக் கடைக்காரிக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கன்னம் ஓட்டையாகி, குடித்த தண்ணீர் வெளியே வழிந்து, போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். வில்மினா அவளுக்குக் கடைசிவரை தண்ணீர் கொடுத்தவள். ஆகவே அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒரு டாக்டர் தன் வாய்க்குள் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

கேட்டில் ஒருவன் டார்ச்சோடு நின்றான். பெயர் கஸ்பார்.

"வாயத் திற."

இவ்வளவு சீக்கிரம் பார்ப்பார்கள் என்று வில்மினா எதிர்பார்க்கவில்லை. நன்றாகத் திறந்தாள்.

"செவப்பு. வெளிய நில்லு."

"செவப்பு இருக்கட்டும் டாக்டரே. அதுக்குப் பின்னால பாருங்க, இடது பக்கம்."

"நான் டாக்டர் இல்லம்மா, செக்யூரிட்டி. எனக்குப் பல்லு வரைக்கும்தான் அதிகாரம். பின்னால பாக்கறதெல்லாம் உள்ள இருக்கறவங்க வேலை."

"அப்ப உள்ள விடு."

"செவந்திருக்கே."

"பாக்கு போடறத விட்டு ரெண்டு மாசமாச்சு தம்பி."

"உன் பல்லுக்கு அது தெரியலியே."

வில்மினா அவனை நன்றாகப் பார்த்தாள். "உன் வாயும்தான் செவந்து கெடக்கு."

"நான் உள்ள போகலியே. வாசல்லதான நிக்கிறேன்." அவன் ஓரமாகத் துப்பிவிட்டு அவள் தோளில் தொங்கிய பிலும் என்கிற பின்னல் பையைத் துழாவினான். டாக்டரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அவள் ஒரு கொத்துப் பச்சைப் பாக்கு கொண்டுவந்திருந்தாள். "இது பறிமுதல்."

பறிமுதலான பாக்கைப் போட்டு வைக்கிற சாக்கு மூட்டை சாயங்காலம் மாடிக்குப் போகும். மாடியில் மாகாணப் பாக்கு ஒழிப்புக் குழு கூடும். எங்கள் பக்கம் பாக்கைப் பகிர்ந்துகொள்ளாமல் பேசுகிற பேச்சு எதுவும் பேச்சில் சேராது. கல்யாணமோ நிலத்தகராறோ, முதலில் பாக்குதான் கைமாற வேண்டும். குழுவும் மனிதர்கள்தானே. முதல் கூட்டத்தில் பாக்கு இல்லாமல் பேசிப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னதை ஒருவர் நம்பவில்லை. அதிலிருந்து கூட்டத்தின் முதல் காரியமே பறிமுதலான பாக்கை அழிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். குழு உறுப்பினர்கள் தாங்களே, எந்தச் சம்பளமும் வாங்காமல், ஒவ்வொன்றாக அழித்தார்கள்.

வில்மினா வீட்டுக்குப் போய்ப் பல்லைக் கரியால் தேய்த்தாள். அது போதாமல் எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள். அதுவும் போதாமல் கடற்கரை மணலால் தேய்த்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தமும் சிவப்பாக இருக்கிறதே என்று அதற்குப் பயந்து இரண்டு நாள் காத்திருந்துவிட்டுப் போனாள்.

கஸ்பார் டார்ச் அடித்தான். இந்தத் தடவை கொஞ்சம் உள்ளேயும் வெளிச்சம் போயிற்று.

"பல்லு பரவால்ல. அட, கன்னத்துல உள்பக்கம் இவ்வளவு வெள்ளையா இருக்கே."

"அதத்தான் தம்பி காட்ட வந்தேன்."

"நல்லா சுத்தம் பண்ணியிருக்க. இந்த மாதிரி வெள்ளையா யாருக்கும் நான் பாத்ததில்ல. போ, போ."

உள்ளே போனதும் வில்மினா திகைத்து நின்றாள். வாய்ப்புற்றுப் பிரிவின் வாசல் இருந்த இடத்தில் ஒரு வாய் இருந்தது. மூங்கில் தட்டியும் கோழிக்கம்பியும் சிமெண்டும் கொண்டு, ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கட்டி, உதட்டுக்கு ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பல்லெல்லாம் மண்ணெண்ணெய்ப் பீப்பாயை இரண்டாக வெட்டி வெள்ளையடித்தது. நாக்கு சிவப்பு ரப்பர் விரிப்பு. நாக்கின் மேல் நடந்து போனால் தொண்டை வழியாக டாக்டர் அறை வந்துவிடும். அதுதான் மாகாண வாய். வெளிநாட்டிலிருந்து வாய்ச் சுகாதாரத்துக்கென்று வந்த உதவியில் கட்டியது. உதவியில் மிச்சம் இருந்ததை வைத்து மாகாண வாய்க்குக் கூரை போடத் தகரம் வாங்கினார்கள்.

வாய்க்குள் இடது கன்னத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, கட்டி, காரணமில்லாமல் ஆடுகிற பல், மரத்துப்போன இடம்: எது இருந்தாலும் உடனே பல் டாக்டரிடம் காட்டவும். ஆரம்பத்தில் பார்த்தால் பிழைக்கலாம். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. வெளியே ஒட்டினால் மழையில் நனையும் என்று உள்ளே ஒட்டியிருந்தார்கள்.

வில்மினா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நாக்கின் ஓரமாக, அவளைப் போலவே பல்லைத் தேய்த்து வந்தவர்கள் நிறைந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். பெயரைக் கூப்பிடுகிறவன் லூபென். அவன் அவளுடைய மகளைக் கட்டியவன்.

இதில்தான் சிக்கல். மாமியார் பெயரை மருமகன் சொல்ல மாட்டான். மருமகன் பெயரை மாமியார் சொல்ல மாட்டாள். சொன்னால் பன்றி வெட்டித்தான் அந்த அவமானத்தைக் கழுவ வேண்டும். லூபென் மரியாதை தெரிந்த பையன். அவளுக்கு முன்னால் வந்தவர்களைக் கூப்பிட்டான். பின்னால் வந்தவர்களையும் கூப்பிட்டான். அவள் முறை வந்தபோது தொண்டையைச் செருமினான்.

"அத்தை."

பெஞ்சில் இருந்த பெண்களில் பாதிப் பேர் எழுந்தார்கள். ஊரில் அவன் சம்சாரத்தின் சொந்தம் அவ்வளவு.

"நீங்க இல்ல. மீன் விக்கிறவங்க."

மீதிப் பாதி எழுந்தார்கள்.

வில்மினா எழுந்து அவன் மேசையோரம் போய், வேறு பக்கம் பார்த்தபடி சொன்னாள். "மாப்பிள்ள, என் பேர என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"எழுதல அத்தை."

"ஏன்?"

"எப்படி எழுதறது? எழுதறதும் சொல்றதுதான? பேர் இல்லாம டாக்டர்கிட்ட சீட்டு அனுப்பவும் கூடாதுன்னு சட்டம்."

"வேற யாரையாவது எழுதச் சொல்லுங்களேன்."

"இன்னொரு கிளார்க் இருந்தாரு. அவரத்தான் மாகாண வாய்க்குப் பெயிண்ட் அடிக்கப் போட்டுட்டாங்க."

அதற்குள் மணி அடித்தது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். அது வாய்ச் சுகாதாரத்துக்கென்று கொண்டாடுகிற வாய் வாரம். ஆஸ்பத்திரித் தலைவர் ஹோசியா கபாரு கீழ்ப்பல் வரிசையின் மேல் ஏறி நின்றார். வாய்க்கு முன்னால் மடித்த கைக்குட்டை. பேசும்போது அவர் அதை எடுப்பதே இல்லை. கிருமிக்குப் பயந்து என்று ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். கைக்குட்டை நடுவில் சிவந்திருந்தது.

"தாய்மாரே, சகோதரர்களே. இந்தப் பிரிவு திறந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் பார்த்த எந்த வாயிலும் புற்று இல்லை. ஒன்றில்கூட இல்லை. இதற்கு முன்னால் வருஷா வருஷம் எத்தனை பேர் செத்தார்கள்? இப்போது ஆஸ்பத்திரிக்குள் ஒருவர்கூட வாய்ப்புற்றால் சாகவில்லை. எல்லாம் வெளியில்தான். இது எப்படி நடந்தது? ஒழுங்கால் நடந்தது. சுத்தமான வாயை மட்டுமே பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அழுக்கு வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்ற மாகாணங்களில் நோய் அதிகமாகிறது. அங்கெல்லாம் தேடுகிறார்கள், அதனால் கிடைக்கிறது."

கை தட்டினார்கள். வில்மினாவும் தட்டினாள். பக்கத்தில் நின்றவரிடம், "இவரு வாய் பாப்பாரா?" என்று கேட்டாள்.

"இவரு தலைவரும்மா. இவரு கூட்டம் மட்டும்தான் பாப்பாரு."

டாக்டர் பாசாய் ஒரு மூலையில் நின்றிருந்தார். மாகாணத்துக்கு ஒரே பல் டாக்டர். விருந்தாளிகள் வந்தால் மாகாண வாயைச் சுற்றிக் காட்டும் வேலை அவருடையது என்பதால் அவருடைய கையில் ஒரு நீளக் குச்சி இருந்தது. வில்மினா அவரிடம் போவதற்குள் அவர் ஒரு வெளியூர்க் கூட்டத்துக்குக் கடைவாய்ப் பல்லைக் குச்சியால் காட்டப் போய்விட்டார்.

அடுத்த நாள் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். கஸ்பார் அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்ட ஆரம்பித்தான். "இந்தம்மா வாயப் பாரு. கன்னமெல்லாம் எப்படி வெளுத்திருக்கு பாரு. கத்துக்கோ." லூபென் அவளைப் பார்க்கும்போதெல்லாம் செருமினான். புண்ணின் ஓரம் தடித்து, நாக்கால் தொட்டால் கெட்டியாக இருந்தது.

மழை பிடித்தது. கூரைக்கு வாங்கிய தகரம் வேறு எங்கோ கூரையாகிவிட்டதால் மாகாண வாய் ஒழுகியது. அதன் இடது கன்னத்தில் பெயிண்ட் வாரக்கணக்காக உப்பிக்கொண்டே வந்து, ஒருநாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. சொன்ன உடனே கபாரு மாடியிலிருந்து ஓடிவந்தார். கூடவே குழு முழுவதும் வந்தது. நான்கு டார்ச் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. வில்மினா பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் கபாரு.

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும் ஐயா," என்றான் லூபென்.

"மூணு வாரமா? டாக்டர் எங்க?"

பாசாய் குச்சியோடு வந்தார். "ஐயா, இது ஈரம். காஞ்சதும் சுரண்டிட்டு வேற பெயிண்ட் அடிச்சா போதும்."

"டாக்டர், அந்த போஸ்டர் யார் எழுதினது?"

"நான்தான்."

"அதுல என்ன போட்டிருக்கு? ஆறாத வெள்ளைப் படை இருந்தா உடனே பாக்கணும்னு போட்டிருக்கு. சொந்த போஸ்டரையே நீங்க மதிக்கலன்னா ஜனங்க எப்படி மதிப்பாங்க? துண்டு எடுத்துத் தலைநகரத்துக்கு அனுப்புங்க. இன்னைக்கு பிளேன்லயே போகணும்."

 பாசாய் கத்தியும் மருந்துப் புட்டியும் எடுத்துவந்து, மாகாண வாயின் கன்னத்திலிருந்து ஒரு துண்டு சிமெண்டை வெட்டிப் புட்டியில் போட்டார். ஒரு நர்ஸ் வெட்டின இடத்தில் பஞ்சு வைத்தாள். பழக்கம்.

"ஐயா," என்றாள் வில்மினா. "எனக்கும் அதே இடந்தான். இடது கன்னம்."

"வரிசையில உக்காரும்மா. இங்க அவசர கேஸ் நடக்குது."

"நானும் வரிசையிலதான் இருக்கேன். வாய் வாரம் முடிஞ்சு மழையும் வந்துருச்சு."

"உன் பேர் என்ன?"

மருமகன் காதுபடத் தன் பெயரைச் சொல்லலாமா என்று அவள் லூபெனைப் பார்த்தாள். லூபென் தரையைப் பார்த்தான். கபாருவுக்குப் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை; மாடியில் பாக்கு அழிக்கப்படாமல் கிடந்தது. போய்விட்டார். குழுவும் போனது.

வில்மினா எழுந்தாள். வெட்டின கன்னத்துக்கு நேர் கீழே, சிமெண்ட் உதிர்ந்து கிடந்த இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டாள்.  பாசாய் அப்போதுதான் வெட்டின இடத்தைச் சரிபார்க்கக் குனிந்து டார்ச் அடித்தார். வெளிச்சம் வழுக்கி அவள் வாய்க்குள் விழுந்தது.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நாக்கத் தூக்குங்கம்மா. இந்தப் பக்கம். தொட்டா வலிக்குதா, மரத்திருக்கா?"

"ஓரத்துல மரத்திருக்கு. நடுவுல எரியுது."

கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தார். "இங்க கட்டி இல்ல. அது நல்லது. எப்ப வந்தது இது?"

"பாக்கு போடறத விடறதுக்கு முன்னாலயே. டாக்டர், பக்கத்துக் கடைக்காரி மாதிரி ஆயிருவேனா?"

"இன்னும் ஆகல. ஆக விடாம இருக்கணும்னா இப்பவே ஒரு துண்டு எடுக்கணும். ஊசி போடறேன், வலிக்காது. இத்தனை நாள் ஏம்மா காட்டல?"

 வில்மினாவின் வாய் திறந்தபடி இருந்தது.

எடுத்த துண்டைப் போட்ட புட்டியில் ஒட்டச் சீட்டு எழுத வேண்டும். லூபென் பேனாவைப் பிடித்தபடி நின்றான். 

"எழுது," என்றார் பாசாய். "இவங்க பேர்."

"முடியாது டாக்டர். அத்தை."

"சரி, நான் எழுதறேன்."

"நீங்க எழுதினாலும் ஃபைல் நம்பர் வேணும். ஃபைல் தொறக்க நான் பேர் எழுதணும். நம்பர் இல்லாத புட்டியைத் தலைநகரத்துல குப்பையில போட்டுருவாங்க." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேசை மேல், துண்டு அனுப்புவதற்கென்று அந்தப் பிரிவில் அதுவரை திறந்த ஒரே ஃபைல் இருந்தது. "நம்பர் உள்ள நோயாளி இங்க ஒருத்தர்தான்."

இரண்டு புட்டியிலும் ஒரே சீட்டு ஒட்டினார்கள். மாகாண வாய், இடது கன்னம்.

பதில் வந்த அன்று கபாரு குழுவைக் கூட்டி அதை உரக்கப் படித்தார். முதல் புட்டியில் இருப்பது சுண்ணாம்பும் பெயிண்டும். இதை அனுப்பியவர் இனிமேல் இப்படி அனுப்ப வேண்டாம். இரண்டாவது புட்டியில் இருப்பது புற்று, ஆரம்ப நிலை. நோயாளியைத் தாமதிக்காமல் அறுவைக்கு அனுப்பவும்.

"சுண்ணாம்பு," என்றார் கபாரு.  "பாத்தீங்களா? பாக்கோட போடற சுண்ணாம்புதான் காரணம்னு நான் மேடைக்கு மேடை சொல்லலியா? இப்ப தலைநகரமே சொல்லிருச்சு. சுண்ணாம்பு, அப்புறம் புற்று. முதல் புட்டி, இரண்டாம் புட்டி."

குழு தலையாட்டியது. ஒருவர் சுண்ணாம்புக் குடுவையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார்.

"ஐயா, அந்த இரண்டாவது துண்டு ஒரு மனுஷியோடது," என்றார் பாசாய். "மீன் விக்கிறவங்க. கீழதான் உக்காந்திருக்காங்க."

"அவங்களுக்கு ஃபைல் இருக்கா?"

"இல்ல."

"ஃபைல் இல்லாத ஆளுக்குப் புற்று வந்ததா நான் எப்படி எழுதுவேன்? நம்ம மாகாணத்துல வாய்ப்புற்று இல்லன்னு சொல்லியிருக்கேன். ஜனங்களுக்கு இல்ல. மாகாண வாய்க்கு வந்திருக்கு. அது வேற. வாய்க்கு உதவிப் பணம் இருக்கு, பிளேன் செலவுக்கு வழி இருக்கு. நாளைக்கே அனுப்பிரலாம்."

 கதவோரம் நின்ற லூபென் செருமினான்.

"ஐயா, நோயாளிகூட ஒரு துணை போகணும்னு விதி இருக்கு."

"ஆமா," என்றார் பாசாய் மெதுவாக. "வயசான பொம்பளையா இருந்தா நல்லது. கன்னத்தப் பத்தித் தெரிஞ்சவங்களா."

"போடுங்க," என்றார் கபாரு.

மாகாண வாய் முழுசாகப் பிளேனில் ஏறவில்லை. இடது கன்னத்தை மட்டும் அறுத்துப் பெட்டியில் போட்டு ஏற்றினார்கள். துணையின் சீட்டில் வில்மினா உட்கார்ந்தாள். டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'துணை' என்று இருந்தது. தலைநகரத்து அறுவை டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார், பாசாய் தனியாகக் கொடுத்தனுப்பிய கடிதத்தைப் படித்தார், பெட்டியை மூடினார்.

"எந்தக் கன்னம்மா?"

"இதோ," என்றாள் வில்மினா.

வெட்டி எடுத்தார்கள். வெட்டின ஓரத்தில் புற்று மிச்சமில்லை, கழுத்துக்குப் போகவில்லை, ஆனால் மாதாமாதம் டாக்டரிடம் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பாக்கைத் தொடவே கூடாது என்றார்கள். தைத்த பக்கம் இழுத்துக்கொண்டு, வாய் இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. தண்ணீர் வெளியே வழியவில்லை. முதல் டம்ளரை அவள் பாதியில் நிறுத்தி, கையால் கன்னத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியபோது ஆஸ்பத்திரியில் விழா. மாகாண வாய்க்குப் புதுக் கன்னம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கபாரு கீழ்ப்பல்லின் மேல் நின்று பேசுவது கேட்வரை கேட்டது. "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம். தாமதிக்கவில்லை. இன்று உங்கள் முன்னால் பிழைத்து நிற்கிறது."

வில்மினா மாதச் சோதனைக்கு வந்திருந்தாள்.

"வாயத் திற," என்றான் கஸ்பார்.

திறந்தாள்.

"முழுசா திற."

"இவ்வளவுதாம்ப்பா திறக்கும். அறுத்திருக்காங்க."

"இது போதாதும்மா. உள்ள செவப்பு இருக்கா இல்லியான்னு பாக்காம எப்படி விடறது? நல்ல வாயா இருந்தது. என்ன பண்ணி வச்சிருக்க?"

அவள் கேட்டுக்கு வெளியே பறிமுதல் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். லூபென் எட்டிப் பார்த்தான், உள்ளே ஓடினான். கொஞ்ச நேரத்தில் பாசாய் விழாவை விட்டு வெளியே வந்தார். மாலைக்கு நன்றி சொல்ல அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கஸ்பார் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, ரோட்டோரம் மண்டிபோட்டு, இரண்டு விரல் சந்துக்குள் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கு."

கேட்டுக்கு வெளியே வழக்கம்போல ஆட்கள் இருந்தார்கள்; சிவந்த வாய் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், வேன் வருகிறவரை மரத்தடியில் நிற்பவர்கள். அதில் ஒருத்தி வந்து வில்மினாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மீனவர். பிறகு வரிசை மரத்தைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவது ஆளின் கீழுதட்டுக்கு உள்பக்கம் பார்த்துவிட்டு, பாசாய் லூபெனைக் கூப்பிட்டுக் கத்தியும் புட்டியும் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் கேட்டில் மாட்டுவதற்கு மாடியிலிருந்து ஒரு பலகை வந்தது. 'ஆஸ்பத்திரி வாசலில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உத்தரவு: தலைவர்.' கஸ்பார் அதை ஆணியடித்து மாட்டினான். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். பிறகு, பாசாய் அன்றும் ரோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தான்.

அவன் முறை வந்தபோது பாசாய் நிமிர்ந்து பார்த்தார். "நீயா? உன் டார்ச்ச நான்தான வச்சிருக்கேன். உனக்கென்ன?"

"இடது பக்கம், நாக்குக்குக் கீழ. கொஞ்ச நாளா கெட்டியா இருக்கு டாக்டர்."

"தினம் உள்ளதான இருக்க, முன்னாலயே வந்து காட்டக் கூடாதா?"

"எங்க உள்ள?" என்றான் கஸ்பார், வாயைத் திறப்பதற்கு முன்னால். "நான் வாசல்லதான நிக்கிறேன்."